கிட்டப் போகச் சொல்லாதீர்கள்: சில்கா செல்லும் தமிழ்ப் பயணிகளுக்கு ஒரு திறந்த மடல்

பூரிக்கு யாத்திரை கிளம்பும் பெரியவர்களுக்கும், அரையாண்டு விடுமுறையில் ஒடிசா பார்க்கப் போகும் குடும்பங்களுக்கும், அவர்களை அழைத்துச் செல்லும் குழு அமைப்பாளர்களுக்கும்,



உங்கள் பயண நிரலில் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஒரு வரி இருக்கும்: “காலை உணவுக்குப் பின் சில்கா ஏரி, டால்பின் காட்சி, மாலை பூரி திரும்புதல்.” ஜகந்நாதர் தரிசனம் முடிந்து, கோனார்க்கில் கல்தேரின் சக்கரத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்து, பிப்ளியில் துணிவேலைப் பைகள் வாங்கிய பிறகு மிஞ்சுகிற அரை நாள் அது. அந்த அரை நாளைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் முதல்முறை சில்காவுக்குப் போனது மதுரையிலிருந்து புறப்பட்ட ஒரு குழுவோடு. மொத்தம் 42 பேர். டிசம்பர் கடைசி வாரம். பூரியிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சதபடா படகுத்துறையில் இறங்கும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. ஆறு படகுகளில் பிரிந்து ஏறினோம். நீண்ட இரும்புத் தண்டின் முனையில் சுழலி வைத்த டீசல் இஞ்சின் படகுகள். பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. ஏரியிலிருந்து கடலுக்குப் போகும் கால்வாயில் அரை மணி நேரம் போயிருப்போம். முன்னால் போன படகில் யாரோ எழுந்து நின்று கையை நீட்டினார். சாம்பல் நிறத்தில் ஒரு முதுகு, அதன் மேல் கட்டைவிரல் போலச் சின்னதாக ஒரு துடுப்பு, தண்ணீரைக் கீறி மேலே வந்து உள்ளே போனது. பக்கத்திலேயே இன்னொரு முதுகு, அதில் பாதி அளவு.

அடுத்து நடந்ததை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். “போட்டோ விழலை, கிட்டப் போகச் சொல்லுங்க” என்றார் ஒருவர். “இருநூறு ரூபாய் சேர்த்துத் தர்றோம்னு சொல்லுங்க” என்றார் இன்னொருவர். கிட்டப் போகச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. படகுக்காரர் போனார். எங்கள் ஆறு படகுகளும் வேறு குழுக்களின் படகுகளும் நாலா பக்கமிருந்தும் வந்து சேர்ந்தன. தாயும் குட்டியும் நடுவில் இருந்தன. ஒருமுறை மூச்செடுத்துவிட்டு மூழ்கி, வளையத்துக்கு வெளியே ஐம்பதடி தள்ளி எழுந்தன. எல்லாப் படகும் அந்தப் பக்கம் திரும்பியது. மறுபடி மூழ்கின, மறுபடி திரும்பினோம். மூன்றாவது முறை குட்டி மட்டும் முதலில் எழுந்தது. தாய் வேறு பக்கம் எழுந்தது. அதற்குப் பிறகு அரை மணி நேரம் எதையும் காணோம். கரைக்குத் திரும்பும் வழியில் “காசு தண்டம்” என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

அன்று எடுத்த படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் ஒரு நீர் வளையம், அதைச் சுற்றி நான்கு படகுகளின் மூக்கு. டால்பின் இல்லை.

ஊருக்கு வந்தபின் நான் விரட்டியது எதை என்று தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன். போவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியது அது. அதனால் உங்களுக்கு முன்கூட்டியே சொல்கிறேன்.

சில்காவில் இருப்பது ஐராவதி டால்பின். நம் கடற்கரையில் ஓங்கில் என்று சொல்கிறோமே, கப்பல் மூக்கின் முன்னால் துள்ளிக்கொண்டு வருவது, அதன் தூரத்து உறவு. ஆனால் ஓங்கிலுக்கு இருக்கும் நீண்ட அலகு இதற்குக் கிடையாது. தலை உருண்டையாக, குழந்தை முகம் போல இருக்கும். கூச்ச சுபாவம். படகோடு பந்தயம் ஓடாது, உயரத் துள்ளிக் காட்டாது. பெயர் மியன்மார் நதியுடையது என்றாலும் அறிவியல் உலகம் இதை முதலில் அறிந்தது நம் கிழக்குக் கரையில்தான். 1852-இல் விசாகப்பட்டினம் துறைமுகத்தில் கிடைத்த ஓர் உடலை வைத்து 1866-இல் ரிச்சர்ட் ஓவன் இந்த இனத்தை விவரித்தார்.

இந்த இனம் கடலோரங்களில் அங்கங்கே சிதறி வாழ்கிறது. நதிகளில் என்று பார்த்தால் ஐராவதி, மேகாங், போர்னியோவின் மகாகம் ஆகிய மூன்றில் மட்டும். கடலோடு வாய் திறந்திருக்கும் உப்பங்கழி ஏரி என்றால் தாய்லாந்தின் சோங்க்லா ஒன்று, நம் சில்கா ஒன்று. சோங்க்லாவில் இப்போது மிஞ்சியிருப்பவை ஏறக்குறைய 14. சில்காவில் ஆண்டுதோறும் நடக்கும் கணக்கெடுப்புகளில் 150-ஐ ஒட்டி எண்ணிக்கை வருகிறது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2017-இல் இந்த இனத்தை ‘அழியும் ஆபத்தில் உள்ளவை’ பட்டியலுக்கு மாற்றியது. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலி இருக்கும் அதே அட்டவணை.

நூற்றைம்பது என்றால் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒரு பந்திக்கு உட்காருகிறவர்களின் எண்ணிக்கை. தாய் ஏறக்குறைய 14 மாதம் சுமக்கிறது. ஈனுவது ஒரே குட்டி. பால் குடி மறக்க இரண்டு ஆண்டுகள் வரை ஆகும். ஆகவே அடுத்த குட்டி உடனே வருவதில்லை. நாங்கள் அன்று தாயிடமிருந்து பிரித்தோமே, அது இந்தப் பந்தியில் ஓர் இலை.

இன்னொன்றையும் நான் அறிந்திருக்கவில்லை. சில்கா ஆழமில்லாத ஏரி. ஆசியாவின் மிகப் பெரிய உப்பங்கழி, மழைக்காலத்தில் ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரவும், இறங்கிப் பார்த்தால் பெரும்பாலான இடங்களில் ஓர் ஆள் உயரத் தண்ணீர். கடலில் ஒரு டால்பினைத் தொந்தரவு செய்தால் அது ஆழத்தில் இறங்கித் தப்பிவிடும். இங்கே இறங்குவதற்கு ஆழம் ஏது? மேலே படகு, கீழே சேறு, இரண்டு பக்கமும் மீனவர் ஊன்றிய வலைக்கழிகள். போதாக்குறைக்கு டால்பின்களுக்கு மிகவும் பிடித்த இடம் ஏரியைக் கடலோடு இணைக்கும் அந்தக் கால்வாய். உள்ளே வரும் மடவை மீனுக்கும் இறாலுக்கும் அதுதான் வாசல். அதே வாசல் வழியாகத்தான் மீன்பிடிப் படகுகள் போகின்றன. சுற்றுலாப் படகுகள் அத்தனையும் போகின்றன.

கலங்கிய தண்ணீரில் டால்பினுக்குக் கண்ணால் பெரிய பயன் இல்லை. அந்த உருண்டை நெற்றியிலிருந்து ஒலித்துடிப்புகளை அனுப்பி, எதிரொலியைத் தாடை எலும்பு வழியாக வாங்கித்தான் அது இரையையும் வழியையும் அறிகிறது. குட்டியும் தாயும் ஒன்றையொன்று அறிவதும் ஒலியால்தான். பத்து இஞ்சின்கள் ஒரே நேரத்தில் தண்ணீருக்குள் அலறும்போது அதற்கு என்ன ஆகும் என்பதைத் திருவிழாக் கூட்டத்தில் ஒலிபெருக்கிக் கம்பத்தடியில் பிள்ளையின் கையை விட்ட தாயால் உணர முடியும். தவிர, குட்டி தண்ணீருக்கடியில் சில நொடிகளாகத்தான் பால் குடிக்கிறது. விரட்டும்போதெல்லாம் அது தடைபடுகிறது. சுழலியில் அடிபட்ட காயங்களோடு டால்பின்களை சில்காவில் பார்த்திருக்கிறார்கள்.

“ஒரு நாள் பார்த்துவிட்டு வருகிறோம், அதனால் என்ன கெட்டுவிடும்?” என்று கேட்கலாம். நமக்கு ஒரு நாள். அந்தத் தாய்க்கு அது நாள்தோறும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே பகுதியில், டால்பின் காட்டும் நிறுவனங்கள் ஒன்றிலிருந்து இரண்டாக ஆனபோது அந்த இடத்தில் டால்பின்களின் அடர்த்தி ஏறக்குறைய 15 விழுக்காடு குறைந்ததை ஆய்வாளர்கள் 2006-இல் பதிவு செய்தார்கள். இரண்டும் முறையாக அனுமதி பெற்ற நிறுவனங்கள். அங்கே அரசு ஓர் அனுமதியைத் திரும்பப் பெற்றது. நியூசிலாந்தின் பே ஆஃப் ஐலண்ட்ஸில் 1999-க்குப் பின் டால்பின்கள் மூன்றில் இரண்டு பங்கு குறைந்துபோனதால் 2019-இல் அவற்றோடு நீந்தும் சுற்றுலாவையே நிறுத்தினார்கள். அங்கே போனவர்களும் ஆசையோடு, பிரியத்தோடு போனவர்கள்தான்.

இதையெல்லாம் படித்தபின் இனிமேல் யாரும் சில்காவுக்குப் போகக் கூடாது என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன். எழுதாமல் விட்டதற்குக் காரணம் உண்டு. இந்த மடலின் மையமும் அதுதான்.

உலகமெங்கும் ஐராவதி டால்பினின் முதல் எமன் செவுள்வலை. மீனுக்காக விரித்த வலையில் சிக்கினால் மேலே வந்து மூச்செடுக்க முடியாது, மூழ்கிச் சாகும். லாவோஸ், கம்போடிய எல்லையில் மேகாங் நதியின் மடுவொன்றில் ஒரு சிறு கூட்டம் வாழ்ந்தது. ஒவ்வொன்றாகக் குறைந்து ஒன்றே ஒன்று மிஞ்சியது. 2022 பிப்ரவரியில் அதுவும் வலையில் சிக்கிச் செத்தது. அந்த மடுவில் இப்போது டால்பின் இல்லை. காவல் படகு எத்தனை வைத்தாலும் ஒரு வலை எங்கே விழுகிறது என்பதை இரவும் பகலும் அறிந்தவன் அந்த ஊர் மீனவன் மட்டுமே.

சதபடாவில் படகு ஓட்டுகிறவர்கள் யார்? மீனவர்கள், மீனவர் வீட்டுப் பிள்ளைகள். சில்காவை நம்பி வாழ்கிறவர்கள் இரண்டு லட்சம் பேருக்குக் குறையாது. அவர்களில் ஒரு பங்கினருக்கு டால்பின் உயிரோடு இருப்பதால் அடுப்பெரிகிறது. அப்படி ஒருவன் கால்வாயின் குறுக்கே வலை கட்டவிட மாட்டான். வலையில் ஒன்று சிக்கினால் ஓடிப் போய் அறுத்து விடுவான். கரையில் ஒன்று செத்து ஒதுங்கினால் மறைக்காமல் தகவல் சொல்வான். நாம் கொடுக்கும் படகுக் கட்டணத்தால் ஆகக்கூடிய பெரிய நன்மை இதுதான். கட்டணத்தோடு கூடவே நாம் என்ன கேட்கிறோம் என்பதில்தான் அது கெட்டுப்போகிறது. வலைக்கு எதிராக நிற்க வேண்டிய ஆளிடமே இருநூறு ரூபாயை நீட்டி விரட்டச் சொல்கிறோம்.

இரண்டாம் முறை போனபோது இதை ஒரு படகுக்காரரின் வாயாலேயே கேட்டேன். அது பிப்ரவரி மாதம். இரண்டே குடும்பங்கள், ஒரே படகு. முந்தைய நாளே சதபடாவில் தங்கி, விடியற்காலை ஆறு மணிக்குத் துறைக்குப் போய்விட்டோம். அறுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் கிடைத்தார். எங்களோடு வந்த ஒரு பெண்ணுக்கு இந்தி தெரியும், அவள் வழியாகத்தான் பேச்செல்லாம். “கிட்டப் போக வேண்டாம், மூன்று மணி நேரத்துக்குக் காசு கொடுக்கிறோம், எதுவும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை” என்று ஏறும்போதே சொன்னோம். அவர் நம்பவில்லை. இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

கால்வாயில் ஓரிடத்தில் இஞ்சினை நிறுத்தி, கழியை ஊன்றிப் படகைக் கட்டினார். மூடுபனி இன்னும் விலகவில்லை. நாற்பது நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை. தூரத்தில் வலை இழுக்கிறவர்களின் பேச்சு மட்டும் தண்ணீர் மேல் மிதந்து வந்தது. குழந்தைகள்கூடத் தணிந்த குரலில் பேசத் தொடங்கிவிட்டார்கள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சைக்கிள் டியூபிலிருந்து காற்றைச் சட்டென்று பிடுங்கியது போல, ஃப்பூ என்று. அது டால்பின் மூச்சுவிடும் சத்தம். முதல்முறை போனபோது இஞ்சின் இரைச்சலில் அப்படி ஒரு சத்தம் இருப்பதே எனக்குத் தெரியாது. கண்ணுக்கு எதுவும் தெரிவதற்கு முன்னால் காதுக்கு நான்கு பக்கமிருந்தும் கேட்டது. ஒன்றிரண்டு நிமிட இடைவெளியில் மீண்டும் மீண்டும் கேட்டது. பனி விலகியபோது நான்கு முதுகுகளை எண்ணினோம். மீனை வளைத்துக்கொண்டு மெதுவாக நீந்தின. எங்களைக் கண்டுகொள்ளவில்லை. அவற்றில் ஒன்று தானாகவே இருபதடி தூரத்தில் தலையைத் தூக்கி, வாயிலிருந்து பீச்சாங்குழல் போலத் தண்ணீரைத் துப்பிவிட்டு உள்ளே போனது. இந்த டால்பின்களுக்கு அது ஒரு வழக்கமாம். மீன்களைத் திரட்ட உதவும் என்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் எங்களைச் சுற்றி இருந்தன.

பெரியவரிடம் கேட்டேன்: “பிறகு ஏன் எல்லாரும் விரட்டுகிறீர்கள்?”

“நான் தூரத்தில் நிறுத்தினால் பார்ட்டி திட்டும். பக்கத்துப் படகுக்காரன் கிட்டப் போய்க் காட்டுவான். டிப்ஸ் அவனுக்கு. அடுத்த நாள் ஏஜென்ட் அவனைத்தான் கூப்பிடுவார். என் மகன் இந்தப் படகை ஓட்டும்போது நான் என்ன சொன்னாலும் கேட்க மாட்டான். அவனுக்குக் கடன் இருக்கிறது.”

அந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பிறகு நான் வேறெதுவும் கேட்கவில்லை.

ஆகவே குழு அமைப்பாளர்களிடம் முதலில் ஒரு வேண்டுகோள். நிரலில் இருக்கும் “டால்பின் காட்சி” என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். காட்சி என்றால் மணியடித்ததும் திரை விலக வேண்டும் என்று மக்கள் எதிர்பார்க்கிறார்கள். “சில்காவில் மூன்று மணி நேரப் படகுப் பயணம்” என்று எழுதுங்கள். டால்பின் தெரியலாம், தெரியாமலும் போகலாம் என்று பேருந்திலேயே சொல்லிவிடுங்கள். பூரியில் காலைப் பலகாரம் முடித்து நிதானமாகப் புறப்பட்டால் துறையில் நெரிசல் உச்சத்தில் இருக்கும்போதுதான் போய்ச் சேருவீர்கள். ஓர் இரவு சதபடாவிலோ ஏரியின் மறுகரையில் பாலுகாவ், ரம்பா பக்கமோ தங்குங்கள். சென்னையிலிருந்து ஹவுரா போகும் ரயில் பாதை அந்த மேற்குக் கரையை ஒட்டித்தான் போகிறது. பூரிக்குப் போகும் வழியிலேயே அங்கே இறங்கிக்கொள்ளலாம். ஆறு படகு எடுக்கிறீர்களா? ஆறும் ஒரே இடத்துக்குப் போக வேண்டாம். இரண்டு படகு டால்பின் பக்கம் போகட்டும். மற்றவை கடல்முகத்துக்கோ நளபானா பறவைகள் சரணாலயத்தின் பக்கமோ போய்விட்டுப் பிறகு மாறிக்கொள்ளட்டும். குளிர்காலத்தில் ஏரிக்கு லட்சக்கணக்கில் பறவைகள் வருகின்றன, பார்ப்பதற்குக் குறைவே இல்லை.

அப்புறம் சாப்பாடு. நம் குழுக்கள் பெரும்பாலும் கூடவே சமையல்காரரை அழைத்துப் போகின்றன. புளியோதரையும் தயிர்சாதமும் பொட்டலமாகப் படகுத்துறைக்கு வந்துவிடுகின்றன. வயதானவர்களின் பத்தியம், ஆசாரம் எல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தக் கரையோர ஊர்களுக்கு நம்மால் கிடைப்பது படகுக் கட்டணம் மட்டுமே என்றால், அந்தக் கட்டணத்துக்காகப் படகுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். ஒரு வேளையாவது அங்கே சாப்பிடுங்கள். சைவக்காரர்களுக்குப் பருப்பும் காய்கறியும் சேர்ந்த டால்மா கிடைக்கும். மீன் சாப்பிடுகிறவர்களுக்குச் சில்கா நண்டையும் இறாலையும் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

படகில் ஏறுகிறவர்களுக்கு: டிப்ஸ் கொடுப்பதை ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். கிட்டப் போனால் தருவதாகச் சொல்வதற்குப் பதில், தூரத்தில் நிறுத்தினால் தருவதாகச் சொல்லுங்கள். அதே இருநூறு ரூபாய்தான். மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம். ஒடியாவில் இரண்டு வாக்கியங்கள் போதும். “தூரரு தேகிபா” என்றால் தூரத்திலிருந்தே பார்ப்போம். “இஞ்சின் பந்த கரந்து” என்றால் இஞ்சினை நிறுத்துங்கள். உச்சரிப்பு முன்னே பின்னே இருந்தாலும் அவர்களுக்குப் புரியும். முதலில் சிரிப்பார்கள். பிறகு படகின் வேகம் குறையும். நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு தூரம் என்று கேட்டால், உலகில் பல இடங்களில் டால்பினுக்கு 50 மீட்டர் என்று வைத்திருக்கிறார்கள். நீங்கள் வந்த பேருந்தைப் போல நான்கை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளம். அதற்குமேல் படகு நெருங்கக் கூடாது. டால்பினாக நெருங்கி வந்தால் அது அதனுடைய விருப்பம், இஞ்சின் ஓடாமல் இருந்தால் போதும். அதன் முன்னால் போய் மறிக்கக் கூடாது. பின்னாலிருந்து துரத்தவும் கூடாது. பக்கவாட்டில், அது போகும் திசையிலேயே மெதுவாகப் போகலாம். குட்டியைக் கண்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். ஏற்கெனவே இரண்டு படகுகள் நிற்கும் இடத்துக்கு மூன்றாவதாகப் போக வேண்டாம். ஒரே கூட்டத்தை வெகுநேரம் பின்தொடரவும் வேண்டாம். நாங்கள் ஒரு மணி நேரம் பார்த்தோம் என்றால் நின்ற இடத்தில் நின்றோம், அவை எங்களைச் சுற்றி மேய்ந்தன. அவை திசை மாறி விலகினாலோ, நெடுநேரம் மேலே வராமல் மூழ்கியே இருந்தாலோ நம் பார்வை நேரம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிப்ஸ், பிஸ்கெட், எதையும் தண்ணீரில் போடக் கூடாது. கடல்முகத்து மணலில் சிவப்பு நண்டுகளைத் தோண்டி எடுத்துக் காட்டுவார்கள், அதையும் கேட்காதீர்கள்.

கைபேசியில் டால்பினைப் பிடிப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். அது மேலே இருப்பது ஒரு நொடி. நாம் பொத்தானை அழுத்தும்போது வெறும் தண்ணீர்தான் விழும். அந்த ஏமாற்றம்தான் “இன்னும் கிட்ட” என்று நம்மைச் சொல்ல வைக்கிறது. ஒரு நல்ல பைனாகுலரைக் குழுவுக்கு ஒன்றாக வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளிடம் கைக்கடிகாரத்தைக் கொடுத்து, ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் எத்தனை நொடி என்று எண்ணச் சொல்லுங்கள். எங்களோடு வந்த பத்து வயதுப் பையன் ஒரு நோட்டில் இருபத்தேழு மூச்சுகளைக் குறித்து வைத்திருந்தான். திரும்பும் வழியெல்லாம் அவனே எங்களுக்குப் பாடம் எடுத்தான்.

உங்கள் படகுக்காரர் நீங்கள் சொல்லியும் கேட்காமல் விரட்டினால் கோபித்துச் சண்டை போட வேண்டாம். படகின் எண்ணைக் குறித்து, துறையில் இருக்கும் படகோட்டிகள் சங்கத்தாரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். அதைவிட முக்கியமாக, நன்றாக நடந்துகொண்டவரின் பெயரையும் சொல்லுங்கள். பாராட்டை யாரும் போய்ச் சொல்வதில்லை.

சில்கா ஒருமுறை சாவின் வாசல் வரை போய் மீண்ட ஏரி. 1981-இல் இந்தியாவின் முதல் ராம்சர் ஈரநிலங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. ஆனால் கடல்முகம் மணலால் தூர்ந்து, உப்பு குறைந்து, களை மண்டி, மீன் அருகி, 1993-இல் ஆபத்திலுள்ள ஈரநிலங்களின் பதிவேட்டில் சேர்ந்தது. 2000 செப்டம்பரில் சில்கா மேம்பாட்டு ஆணையம் கடலுக்குப் புதிய முகம் வெட்டியது. உப்பும் மீனும் திரும்பின. 2002-இல் அந்தப் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்பட்டது. பின்னாளில் ‘கேரி’ எனப்படும் இறால் வளர்ப்பு வலையடைப்புகள் பெருமளவில் அகற்றப்பட்டபோது, அதுவரை கால்வாய்ப் பக்கமே ஒடுங்கியிருந்த டால்பின்கள் ஏரியின் மற்றப் பகுதிகளிலும் தென்படத் தொடங்கின. இடம் கொடுத்தால் அவை அதை எடுத்துக்கொள்கின்றன. அத்தனை பெரிய வேலையை அரசும் பொறியாளர்களும் மீனவர்களும் சேர்ந்து செய்திருக்கிறார்கள். நமக்கு மிஞ்சியிருப்பது நான்கு பேருந்து நீளம் தள்ளி நிற்பது.

மியன்மாரில் ஐராவதி நதி மீனவர்கள் சிலர் படகின் பக்கப் பலகையைத் தட்டி டால்பின்களை அழைக்கிறார்கள். டால்பின்கள் மீனை வளைத்து அவர்கள் பக்கம் ஓட்டிவருகின்றன. வீச்சுவலை விழுகிறது, சிதறும் மீன் டால்பினுக்கு. தலைமுறைகளாக இப்படி நடக்கிறது. அதே இனம்தான் சில்காவில் நம் படகுச் சத்தம் கேட்டதும் மூழ்கிப்போகிறது. மனிதர் பக்கத்தில் வருவதற்கு அவற்றுக்கு மனமில்லாமல் இல்லை.

இரண்டாம் பயணத்தில் கரையேறியபோது பெரியவரிடம் பேசிய தொகையோடு கூடக் கொஞ்சம் கொடுத்தோம். அவர் அதை எண்ணிப் பார்க்காமல் மடியில் செருகிக்கொண்டார். இந்தி தெரிந்த பெண்ணிடம் ஏதோ சொன்னார். அவள் எங்களிடம் திரும்பிச் சொன்னாள்: “உங்க ஊர்க்காரங்க நிறைய பேர் வர்றாங்களாம். ஆறு மணிக்கே வரச் சொல்றார். வெயில் ஏறினா காத்து வந்துடுமாம், மூச்சுச் சத்தம் கேக்காதாம்.”

அவர் சொன்னதை உங்களிடம் சேர்த்துவிட்டேன்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி